பால்பல் தானே என்று விட்டுவிடலாமா?



நம் பகுதியில், குறிப்பாக உருது பேசும் குடும்பங்களில், குழந்தைக்கு நான்கு வயது, நான்கு மாதம், நான்கு நாள் நிறைவுறும்போது 'பிஸ்மில்லாஹ்' ஓதிவைக்கும் வழக்கம் தலைமுறைகளாக இருந்து வருகிறது. இது மார்க்கம் விதித்த கடமை அன்று. முன்னோர் ஏற்படுத்திய வழக்கமே. எனினும் ஒரு குழந்தையின் கல்வி இறைவன் பெயரால் தொடங்குவதைக் காணும்போது மனம் குளிரத்தான் செய்கிறது. புத்தாடை உடுத்தி, பூமாலை சூட்டிக்கொண்டு, உஸ்தாதின் முன் அமர்ந்து 'அலிஃப், பா' என்று மழலை மொழியில் சொல்லத் தொடங்கும் அந்தக் குழந்தையின் வாயை உற்று நோக்குவோர் எத்தனை பேர்?

அரபி எழுத்துகளுள் சிலவற்றிற்குப் பற்களின் துணை இன்றியமையாதது என்பதைத் தஜ்வீத் கற்றோர் அறிவர். வரிசையில் நான்காவதான 'ஸா', ஒன்பதாவதான 'ஃதால்', பதினேழாவதான 'ழா' ஆகிய மூன்றும் நாவின் நுனி மேல்வரிசை முன்பற்களின் விளிம்பைத் தொடும்போதே சரியாகப் பிறக்கும். இருபதாவதான 'ஃபா' கீழுதட்டின் உட்புறம் அதே பற்களின் விளிம்பில் படும்போது ஒலிக்கும். 'ஸனாயா உல்யா' என்று தஜ்வீத் நூல்கள் குறிப்பிடுவது மேலே நடுவில் உள்ள இந்த இரு பற்களையே. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் மக்தபுப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் நான், இந்த இரு பற்களும் இவற்றின் இருபுறத்துப் பற்களும் இருக்க வேண்டிய இடத்தில் கறுத்துத் தேய்ந்த முளைகளை மட்டுமே கொண்டு வந்து அமரும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். மேல் முன்பற்கள் இயல்பாக விழ வேண்டிய வயது ஏழையொட்டியது. நான்கு வயதில் அவை இல்லையென்றால், அவை விழவில்லை, அழிந்தன என்பதே பொருள்.

உச்சரிப்பைப் பற்றி மட்டும் நான் கவலைப்படுவதாக எண்ண வேண்டாம். நிலைத்த பற்கள் முளைத்த பிறகு பெரும்பாலான பிள்ளைகள் ஒலியைத் திருத்திக் கொள்கின்றனர்; திருத்திக் கொடுப்பது எங்கள் வேலை. பாடத்தின் நடுவே கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு கண்ணீர் வடிக்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு எந்த உஸ்தாத் என்ன சொல்லிக் கொடுக்க முடியும்? இரவெல்லாம் உறங்காத குழந்தை பகலில் எதை மனனம் செய்யும்? பெற்றோரை அழைத்துச் சொன்னால் பெரும்பாலும் கிடைக்கும் மறுமொழி ஒன்றே: "பால்பல் தானே உஸ்தாத், விழுந்து முளைத்துவிடும்."

இந்த மறுமொழியில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதிதான் ஆபத்தானது. முன்பற்கள் ஆறு, ஏழு, எட்டு வயதுகளில் விழுந்து முளைக்கும் என்பது சரி. ஆனால் பால் கடைவாய்ப் பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை வாயில் இருந்து உணவை அரைக்க வேண்டியவை. பின்னால் வரவிருக்கும் பற்களுக்கு இடம் பிடித்து வைத்திருப்பவையும் அவையே. அவற்றுள் ஒன்றை மூன்று வயதில் இழந்தால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து இடத்தை அடைத்துக் கொள்ளும். நிலைத்த பல் கோணலாக முளைக்கும். அது மட்டுமன்று, பால்பல்லின் வேருக்கு அடியிலேயே நிலைத்த பல்லின் கரு வளர்ந்து கொண்டிருக்கிறது. மேலே சீழ் பிடித்தால் கீழே வளரும் பல்லும் பழுதுபடலாம். பல்வலியால் சரியாக உண்ணாத குழந்தை உடல் தேறாமல் மெலிவதும் உண்டு.

இது அரிய நோயும் அன்று. இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03இல் நாடு தழுவிய ஆய்வு ஒன்றை நடத்தியது. ஐந்து வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 52 பேருக்குப் பற்சிதைவு இருந்ததை அது கண்டறிந்தது. உலகம் முழுவதும் பால்பற்கள் சிதைந்த குழந்தைகள் 51 கோடிக்கும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் கணித்தது.

பாட்டில் செய்யும் வேலை

பற்சிதைவு எவ்வாறு நிகழ்கிறது என்பதைச் சற்று விரிவாகத் தெரிந்து கொள்வது நல்லது. வாயில் வாழும் சில நுண்கிருமிகள் நாம் உண்ணும் சர்க்கரையைத் தாமும் உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சாகிய எனாமலிலுள்ள தாதுச்சத்தைக் கரைக்கிறது. சற்று நேரத்தில் உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, இழந்த தாதுவை மீண்டும் பல்லுக்கு ஊட்டுகிறது. நாள் முழுவதும் வாயில் நடக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கலில் வரவைவிடச் செலவு மிகும்போது பல் சிதைகிறது. பால்பல்லின் எனாமல் நம் பல்லின் எனாமலைவிட மெல்லியது. ஆகவே அதன் சிதைவும் விரைவானது.

உறங்கும்போது உமிழ்நீர் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. இப்போது வீட்டில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். குழந்தை சிணுங்குகிறது. சர்க்கரை கலந்த பாலையோ, டீயையோ, பழச்சாற்றையோ பாட்டிலில் ஊற்றி வாயில் வைத்துப் படுக்க வைக்கிறோம். குழந்தை பாதி குடித்ததும் உறங்கிவிடுகிறது. இனிப்பு மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கிறது. கீழ் முன்பற்களை நாக்கு மூடிக் காப்பதால் அவை பெரும்பாலும் தப்புகின்றன. மேல் நான்கு பற்களும் இரவெல்லாம் இனிப்பில் ஊறுகின்றன. முன்னர் நான் சொன்ன கறுத்த முளைகளின் கதை இதுதான்.

ஃபாஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1962இலேயே இந்த நோயை 'பால்புட்டி வாய்' என்ற பொருள்படும் பெயரால் விவரித்தார். பாட்டில் மட்டுமே காரணம் அன்று என்பது பின்னர்த் தெளிவானதால், 1990களிலிருந்து இதனை 'இளங்குழந்தைப் பற்சிதைவு' என்று அழைக்கின்றனர். ஆறு வயதுக்குள் ஒரேயொரு பால்பல் பழுதானாலும் இப்பெயருக்குள் அடங்கும்.

பால்புட்டி பற்றி நம் நாட்டில் ஒரு சட்டமே இருப்பது பலருக்குத் தெரியாது. குழந்தைப் பால் மாற்றுப் பொருள்கள், பால்புட்டிகள், குழந்தை உணவுகள் தொடர்பான அச்சட்டம் 1992இல் நிறைவேறி, 1993 ஆகஸ்டு முதல் நடைமுறைக்கு வந்து, 2003இல் மேலும் இறுக்கப்பட்டது. பால்புட்டிக்கு விளம்பரம் செய்வதை அது தடுக்கிறது. எனினும் குழந்தையைப் பார்க்க வருவோர் பாட்டிலைப் பரிசாகக் கொண்டு வருவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை!

தாய்ப்பால் கொடுக்க இயலாத நிலையில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நம் பாட்டிமார் கையாண்ட பாலாடையும் சங்கும் எங்கே போயின? மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் இன்றும் பாலாடையால் பால் புகட்டுகின்றனர். அதைக் கழுவுவது எளிது. குழந்தையின் வாயில் வைத்துவிட்டு நாம் எழுந்து போகவும் முடியாது. இந்த இரண்டாவது குணத்துக்காகவே நான் அதைப் போற்றுகிறேன். ஏற்கெனவே பாட்டிலுக்குப் பழகிய குழந்தையை ஒரு வயதையொட்டிக் கோப்பைக்கு மாற்றத் தொடங்குங்கள். இரவில் பாட்டில் இல்லாமல் உறங்காது என்றால், பாலில் நாளுக்கு நாள் சிறிது சிறிதாகத் தண்ணீரைக் கூட்டி, இறுதியில் வெறும் தண்ணீராக ஆக்கிவிடலாம். ஒரு வயது கடந்த குழந்தைக்கு மட்டுமே இந்த முறை பொருந்தும். அதற்கு முன் பாலை நீர்க்கச் செய்வது உடலுக்குக் கேடு.

தாய்ப்பாலைப் பற்றி ஒரு சொல்

பல் கெடும் என்று அஞ்சி ஒரு வயதிலேயே தாய்ப்பாலை நிறுத்திவிட்ட சகோதரிகள் உண்டு. அவசரம் வேண்டாம். அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோருக்கு இரண்டு முழு ஆண்டுகளைக் குறிப்பிடுகிறது. உலக சுகாதார நிறுவனமும் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதுமென்றும், பின்னர் மற்ற உணவோடு இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் தொடரலாமென்றும் கூறுகிறது. முதல் ஆண்டில் தாய்ப்பால் பற்களுக்குக் காவல் என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்குப் பின் இரவெல்லாம் மார்பில் வாய் வைத்தே உறங்கும் பழக்கமும், பகலில் இனிப்பும், பல் துலக்காமையும் ஒன்று சேரும்போதுதான் தீங்கு நேர்கிறது. நிறுத்த வேண்டியது இனிப்பை. தொடங்க வேண்டியது துலக்குதலை.

இனிப்பைப் பற்றி நம் மாவட்டத்தாரிடம் பேசுவது சற்றுச் சங்கடமானது. கரும்பு நம் வயல்களின் செல்வம். முண்டியம்பாக்கம் என்றதும் சர்க்கரை ஆலை நினைவுக்கு வந்த காலம் ஒன்று. 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் அவ்வூரின் அடையாளமாகிவிட்டது. இனிப்பும் மருத்துவமும் ஒரே ஊரில் அமைந்ததை எண்ணிச் சிரித்துக் கொள்வதுண்டு. பெருநாளன்று வட்டிலாப்பத்தில் இரண்டு கரண்டி உண்ட குழந்தைக்குப் பல் போய்விடாது. காலையில் டீயில் தொட்ட பொறை, பத்து மணிக்கு பிஸ்கட், அத்தா கடைத்தெருவிலிருந்து திரும்பும்போது மிட்டாய், மாலையில் மீண்டும் டீ, உறங்கும்போது சர்க்கரைப் பால் என்று நாளெல்லாம் சிறிது சிறிதாகக் கொடுப்பதே பல்லை அழிக்கிறது. ஒவ்வொரு முறையும் அமிலம் சுரக்கும். உமிழ்நீர் அதைத் தணித்து முடிப்பதற்குள் அடுத்த இனிப்பு வந்துவிடும்.

சுவீடன் நாட்டில் விபேஹோல்ம் என்ற மனநலக் காப்பகத்தில் 1940களில் நடந்த ஆய்வு இதனை உறுதி செய்தது. உணவோடு சேர்த்து உண்ட சர்க்கரையைவிட, உணவுகளுக்கு இடையே உண்ட, பல்லில் ஒட்டும் இனிப்பே பற்களை மிகுதியாகக் கெடுத்தது. அந்த ஆய்வுக்காக, தம் விருப்பத்தைச் சொல்ல இயலாத நோயாளிகளுக்கு மிட்டாயை ஊட்டிப் பற்களைக் கெடுத்தார்கள் என்பது நெஞ்சை வருத்தும் செய்தி. அவர்கள் இழந்த பற்களால் கிடைத்த அறிவை நாம் வீணாக்குவது இன்னொரு அநியாயம் ஆகும்.

ரமலான் மாதத்தில் இன்னும் கொஞ்சம் கவனம் தேவை. நோன்பு திறக்கும் வேளையில் ரோஸ் மில்க்கும் சர்பத்தும் நமக்கு முன் குழந்தையின் கையில் இருக்கும். தராவீஹ் தொழும்வரை அழாமல் இருக்கட்டும் என்று அதே சர்பத்தைப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தொழுகைக்கு நிற்போரும் உண்டு. வீட்டில் இருவர் இருந்தால் முறை வைத்துத் தொழலாம். கோப்பையில் வெறும் தண்ணீர் கொடுத்தும் குழந்தையை அமர்த்தலாம்.

தேன், தஹ்னீக், இருமல் மருந்து

பிறந்த குழந்தையின் அண்ணத்தில் மென்மையாக்கிய பேரீச்சம்பழத்தைத் தடவும் தஹ்னீக் நபிவழியில் வந்தது. ஒருமுறை, துளியளவு, தூய கையால் செய்யப்படும் அந்தச் சுன்னத்தால் பல்லுக்கு எந்தத் தீங்கும் இல்லை. குழந்தைக்கு அப்போது பல்லே இல்லை. ஆனால் பேரீச்சம்பழத்துக்குப் பதிலாகத் தேனைத் தடவுவதும், பின்னர் அழும்போதெல்லாம் ரப்பர் காம்பைத் தேனில் தோய்த்து வாயில் வைப்பதும் வேறு. தேனில் குணம் இருக்கிறது என்பதை நாம் நம்புகிறோம். ஆயினும் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் வித்து பச்சிளங்குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் கொடிய நோயைத் தரவல்லது. அந்த வயதைக் கடந்த பின்னும் தேன் பல்லுக்குச் சர்க்கரையே.

இருமல், சளி, காய்ச்சலுக்குக் கொடுக்கும் திரவ மருந்துகள் பலவற்றில் சர்க்கரை உண்டு. வயிற்று உப்புசத்துக்கென்று ஊற்றும் கிரைப் வாட்டர் சிலவும் அப்படியே. நெடுநாள் மருந்து உண்ணும் குழந்தையாயின் சர்க்கரை இல்லாத வகை உண்டா என்று மருத்துவரைக் கேளுங்கள். இரவு மருந்து கொடுத்த பிறகு பல் துலக்குங்கள்.

இன்னொரு வழியையும் குறிப்பிட வேண்டும். பல்லைக் கெடுக்கும் கிருமிகள் பெரும்பாலும் குழந்தையைப் பேணுவோர் வாயிலிருந்தே, மிகுதியும் தாயிடமிருந்தே, குழந்தைக்குச் செல்கின்றன. சோற்றைத் தம் வாயில் மென்று ஊட்டுவதும், கீழே விழுந்த ரப்பர் காம்பைத் தம் வாயில் சுத்தம் செய்து கொடுப்பதும் வேண்டாம். பழுதான பல்லைக் கர்ப்பக் காலத்திலேயே தாய் காட்டிச் சரி செய்து கொள்வது வரவிருக்கும் குழந்தைக்கும் நன்மை.

துலக்கும் கை யாருடையது?

பல் துலக்குவதில் நமக்கு ஈடான சமுதாயம் இருக்க முடியாது என்று நாம் பெருமை கொள்வதுண்டு. ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக் செய்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வளவு விரும்பினார்கள் என்பது ஹதீஸ் நூல்களைப் படிப்போர் அறிந்ததே. எனினும் ஒளுவுக்கு ஐந்து முறை வாய் கொப்பளிக்கும் தாயின் மடியில், பிறந்ததிலிருந்து பல் துலக்கப்படாத இரண்டு வயதுக் குழந்தை அமர்ந்திருக்கிறது.

முதல் பல் ஏறத்தாழ ஆறு மாதத்தில் முளைக்கும். அன்றிலிருந்தே துலக்குதலும் தொடங்க வேண்டும். இரண்டரை, மூன்று வயதுக்குள் இருபது பால்பற்களும் வந்துவிடும். மிஸ்வாக் குச்சியையே குழந்தைக்குப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்கின்றனர். குழந்தையின் ஈறுக்கு அது கடினமானது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இறுதி வேளையில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு மிஸ்வாக்கைத் தம் வாயால் மென்மையாக்கிக் கொடுத்தார்கள் என்று புகாரியில் வருகிறது. வலுவற்றவருக்கு மென்மையானதையே தர வேண்டும் என்று நான் அதிலிருந்து விளங்கிக் கொள்கிறேன். குழந்தைகளுக்கென்று விற்கும் சிறிய, மென்மையான தூரிகையே ஏற்றது. செங்கற்பொடி, அடுப்புக்கரி, உப்பு, சொரசொரப்பான பல்பொடி எதுவும் வேண்டாம்.

பற்பசையில் ஃபுளோரைடு இருக்க வேண்டும். இழந்த தாதுவைப் பல் திரும்பப் பெற அதுவே துணை. இந்தியாவில் பற்பசையின் ஃபுளோரைடு அளவு பத்து இலட்சத்தில் 1000 பங்கைத் தாண்டக் கூடாது என்று விதி உள்ளது. அந்த 1000 என்ற அளவே போதுமானது. குழந்தைப் படம் போட்ட பற்பசைகள் சிலவற்றில் ஃபுளோரைடு பாதியளவே இருக்கும், சிலவற்றில் அறவே இராது. வாங்கும்போது உறையைப் படியுங்கள். மூன்று வயது வரை ஓர் அரிசியளவு, அதன்பின் ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவு, அவ்வளவே. விளம்பரத்தில் காட்டுவது போல் தூரிகை முழுவதும் பிதுக்கக் கூடாது. ஃபுளோரைடு கேடு என்று தருமபுரி மாவட்டத்தைச் சுட்டிக்காட்டுவோர் இருக்கின்றனர். அங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, ஆண்டுக்கணக்கில் அதைக் குடித்ததால் பல்லும் எலும்பும் பழுதாயின. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. குடம் குடமாகக் குடித்த நீரையும் அரிசியளவு பசையையும் ஒன்றாக நிறுத்துவது நியாயம் ஆகாது. பசையில் விலங்குக் கொழுப்பு இருக்குமோ என்று ஐயுறுவோர் பச்சைப் புள்ளி இட்ட பசையைப் பார்த்து வாங்கலாம்.

துலக்க வேண்டியது நாள்தோறும் இரண்டு முறை. காலையில் தவறினாலும் இரவில் தவறக் கூடாது. துலக்கிய பின் தண்ணீர் தவிர எதுவும் கொடுக்கக் கூடாது. குழந்தையின் தலையை உங்கள் மடியில் வைத்துப் படுக்க வைத்தால் வாய் முழுவதும் தெரியும். இரண்டு பேர் முழங்கால் முட்ட எதிரெதிரே அமர்ந்து, இருவர் மடியிலும் குழந்தையைக் கிடத்திக் கொண்டால் இன்னும் எளிது. அழுதால் அழட்டும்; வாய் திறந்திருக்கும் அல்லவா! ஏழெட்டு வயது வரை பெரியவர் கையே துலக்க வேண்டும். அது தாயின் கையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இஷாவுக்குப் பின் வீடு திரும்பும் அத்தாவுக்கு இதைவிட நல்ல வேலை இல்லை.

மாதத்துக்கு ஒருமுறை குழந்தையின் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறையொட்டிப் பல்லில் சுண்ணாம்பு தீற்றியது போன்ற வெண்மை தெரிந்தால் அதுவே முதல் அறிகுறி. வலி இராது. அந்தக் கட்டத்தில் இனிப்பைக் குறைத்து, ஃபுளோரைடு தடவினால் பல் பழைய நிலைக்குத் திரும்ப முடியும். பழுப்பு, கறுப்பு, குழி என்று வளர்ந்துவிட்டால் திரும்பாது; நிறுத்த மட்டுமே இயலும். நிறுத்துவதற்கும் இப்போது எளிய வழி ஒன்று உள்ளது. வெள்ளி கலந்த ஃபுளோரைடுக் கரைசலைப் பல்லில் தடவினால் ஊசியோ துளையிடலோ இன்றிச் சிதைவு பெரும்பாலும் நின்றுவிடும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் அதனை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. தடவிய இடம் கருநிறமாகிவிடும் என்பதைப் பெற்றோர் முன்னரே அறிந்திருக்க வேண்டும்.

முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை மருத்துவக் குழு வந்து பார்க்க வேண்டும்; பல்லும் அதில் அடங்கும். குழு வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு அன்று குழந்தையைத் தவறாமல் அனுப்புங்கள். திண்டிவனத்தார் முதலில் அங்குள்ள அரசு மருத்துவமனையிலும், விழுப்புரத்தார் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காட்டலாம். குழந்தைப் பல் மருத்துவத்துக்கென்றே தனித்துறை வேண்டுமெனில், இரு ஊர்களிலிருந்தும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் புதுச்சேரியில் மகாத்மா காந்தி பல் மருத்துவப் பட்டமேற்படிப்பு நிலையம் இருக்கிறது. குழந்தை உறங்கி எழுந்து உற்சாகமாக இருக்கும் முற்பகல் வேளையே பல் காட்ட ஏற்றது. அது உண்டுவரும் மருந்துக் குப்பிகளையும் பயன்படுத்தும் பற்பசையையும் மறவாமல் உடன் எடுத்துச் செல்லுங்கள்.